தரங்கம்பாடி: தமிழ்க் கரையில் ஒரு டேனிஷ் துறைமுகம்

சிரம்பான் நேயர்களே, நம் தோட்டங்களுக்கு வந்த முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்துக்குப் போனால், வடக்கே தரங்கம்பாடியையும் அவசியம் பார்த்து வாருங்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி தர, டென்மார்க் வணிகர்கள் எழுப்பிய துறைமுக ஊர் அது. கடலைப் பார்த்து நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரைக் கிடங்குகள். மேலே ஆளுநர் அறைகள். இன்று அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே, டேனியருக்கும் மூத்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. 1792-இல் கட்டிய நகர வாயிலிலிருந்து ராஜ வீதியில் நடந்தே போங்கள், அதுதான் அழகு. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் வழியில் வரும். 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.