சத்தமில்லாத டாப்பெட் வால்வை எரிக்கும்

மழை பெய்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கும் நேரத்தில் டிராக்டர் இழுவை குறைந்து நின்றுவிட்டால், பதமும் போய்விடும், பருவமும் தவறிவிடும். பழைய எஞ்சின்களில் இழுவை குறைவதற்கு வால்வு இடைவெளியைக் கவனிக்காமல் விடுவதும் ஒரு முக்கிய காரணமாகும்.

டாப்பெட் சத்தம் கேட்டால்தான் கோளாறு என்று பல விவசாயிகள் எண்ணுகிறார்கள். இடைவெளி கூடினால் 'டக் டக்' என்று சத்தம் வரும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆனால் கேடு அதிகம். வால்வு மூடி சீட்டில் அமரும்போதுதான் தன் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. நாளடைவில் வால்வு முகமும் சீட்டும் தேய்ந்து இடைவெளி குறையும். சூட்டில் நீளும் வால்வு பிறகு முழுவதும் மூடாது. எரியும் வாயு அந்தச் சந்து வழியாகச் சீறி, எக்சாஸ்ட் வால்வின் விளிம்பையே எரித்துவிடும். கம்ப்ரஷன் போய்விடும், காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாது.

சில கார் எஞ்சின்களில் உள்ள ஹைட்ராலிக் டாப்பெட், எஞ்சின் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய டிராக்டர்களில் அந்த வசதி இல்லை. நாமேதான் சரிபார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, டீசல் நிறுத்தும் நாபை இழுத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ராக்கர் கவரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கவரைத் திறக்க வேண்டும்.

முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். முதல் சிலிண்டரின் இன்லெட் வால்வு திறந்து மூடிய பின், அரைச்சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் பிஸ்டன் உச்சிக்கு வரும். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். இந்த நிலையில் பீலர் கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வு முனைக்கும் இடையே நுழைக்க வேண்டும். தகடு லேசாகப் பிடித்தபடி நகர்ந்தால் சரி. இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி அளவை வைக்க வேண்டும். நட்டை இறுக்கிய பின் மறுபடியும் அளப்பது அவசியம். இறுக்கும்போது திருகு நகர்ந்துவிடக்கூடும். மற்ற சிலிண்டர்களுக்கும் இதே முறைதான்.

பழைய மாசி பெர்குசன் 35 டிராக்டரில் உள்ள மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினுக்கு, ஆறிய நிலையில் 0.30 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மற்ற எஞ்சின்களுக்கு அளவு மாறும். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தே வைக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்க நினைத்து இடைவெளியை இறுக்கி வைப்பது கூடாது.

கவரின் பேக்கிங் கிழிந்திருந்தால் புதிது போட வேண்டும். ஒரு காலைப் பொழுது செலவிட்டு இதைச் செய்தால், உழவு நேரத்தில் ஹெட்டைக் கழற்றும் செலவும் அலைச்சலும் மிச்சமாகும்.