நோன்பு அதிரசம்

அதிரசம் என்பது பச்சரிசி மாவை வெல்லப் பாகில் கிளறி எண்ணெயில் சுட்டெடுக்கும் இனிப்புப் பலகாரம் ஆகும். தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்பில் திருவண்ணாமலை வட்டார வீடுகளில் இதுவே முக்கியப் படையல். 21 நாள் நோன்பைக் குறிக்கும் வகையில் 21 அதிரசம் வைப்பது பலரின் வழக்கம். பார்வதி நோன்பிருந்து சிவனின் இடப்பாகம் பெற்றதாகப் புராணம் கூறுகிறது. அந்தத் தலமாகத் திருவண்ணாமலை போற்றப்படுகிறது.

செய்முறை

1 கிலோ பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் சற்று இருக்கும்போதே அரைத்துச் சலிக்க வேண்டும்; நன்கு காய்ந்த மாவில் அதிரசம் மென்மையாக வராது.

முக்கால் கிலோ வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். தண்ணீரில் விட்ட பாகை விரலால் திரட்டினால், இளகிய உருண்டையாக வருவதே சரியான பதம். உடனே இறக்கி ஏலக்காய்ப் பொடி, சுக்குப் பொடி, மாவு ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறி, ஒரு நாள் மூடிவைக்க வேண்டும்.

பாகு இளம்பதமாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும், முற்றினால் கல்லாகிவிடும். எனவே முதலில் ஒன்றை மட்டும் சுட்டுப் பார்ப்பது நல்லது. பிரிந்தால் சிறிது அரிசி மாவு சேர்த்துப் பிசையலாம்.

எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, மிதமான தீயில் இருபுறமும் சிவக்கச் சுட வேண்டும். சூடாக இருக்கும்போதே இரு கரண்டிகளுக்கு இடையில் அழுத்தினால் அதிகப்படியான எண்ணெய் வடிந்துவிடும்.