மழை இல்லை, ஆனாலும் ஆறு ஏறும்

மழைக்காலம் வந்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த ஓய்வில் ஊட்டிக்கு வேன் பிடிக்கும் நம் பிள்ளைகள், மேட்டுப்பாளையத்தில் பவானியைப் பார்த்ததும் குளிக்க இறங்கிவிடுவார்கள். டீ குடிக்கிற நேரத்துக்குள் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நம் கழிமுகத்தில் தண்ணீர் ஏறுவதும் வடிவதும் நிலாவின் கணக்கு. அது நமக்கு அத்துப்படி. மேட்டுப்பாளையத்தில் ஆற்றை ஏற்றி இறக்குவது மின்சாரத் தேவை.

பொழுது சாய்ந்ததும் மாநிலம் முழுக்க விளக்குகள் எரியும். சூரிய மின்சாரமோ அப்போதுதான் நின்றுபோகும். ஆறிக் கிடக்கும் அனல் மின் நிலையம் சூடேறிச் சுற்றப் பல மணி நேரம் வேண்டும். நீர்மின் நிலையத்துக்குச் சில நிமிடங்கள் போதும். அதனால் அவசரத்துக்கு அதைத்தான் முடுக்குகிறார்கள்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே பில்லூர் அணையில் 50 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு. இரண்டும் ஓடினால் நொடிக்குச் சுமார் 6,000 கனஅடி, அதாவது 1,70,000 லிட்டர் தண்ணீர் ஆற்றில் சேரும். வானத்தில் மேகமே இருக்காது. நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பவர் காலடியில் தண்ணீர் கலங்கும், சருகு மிதந்து வரும், காய்ந்திருந்த கல் நனையும். அவர் எழுந்து பார்ப்பதற்குள் கரைக்குப் போகும் வழி ஆழமாகியிருக்கும். இப்படிச் சிக்கி உயிர்விட்டவர்கள் பலர். இயந்திரம் நின்றதும் நீர் சட்டென்று வடியும். மீன்குஞ்சுகள் கல்லிடுக்குக் குட்டைகளில் மாட்டிச் சாகும்.

உற்பத்தியைக் குறைத்தாலும் ஆபத்து வரலாம். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தின் லார்ஜி நிலையத்தில் உற்பத்தியைக் குறைத்தார்கள். சேர்ந்த நீரை மதகு திறந்து விட்டார்கள். பியாஸ் ஆற்றில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அது அடித்துச் சென்றது.

பவானியில், மேட்டுப்பாளையத்துக்குக் கீழே உள்ள பவானிசாகர் அணை இந்த ஏற்ற இறக்கத்தை வாங்கி அடக்கிக்கொள்கிறது. அதற்கு மேலே இருக்கும் ஆறுதான் அடி வாங்குகிறது. தீர்வு இல்லாமல் இல்லை: இயந்திரங்களைப் படிப்படியாக முடுக்கலாம், நீர் வருமுன் கரையோரம் முழுக்கச் சைரனை ஒலிக்கச் செய்யலாம். சுவிட்சர்லாந்து இந்தக் கேட்டை 2030க்குள் சரிசெய்ய வேண்டுமென்று சட்டமே போட்டிருக்கிறது. நம் மின்வாரியமும் இதைச் செய்தாக வேண்டும்.

அதுவரை, பிள்ளைகளே, மேலே மின் நிலையம் இருக்கும் ஆற்றில் இறங்காதீர்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.