மரத்தில் துளையிடும் கைக்கருவிகள்

ஒரு கதவு நிலையைச் செய்து முடிக்கத் தச்சருக்குப் பல நாள் ஆகும். அதைக் கெடுப்பதற்கோ கோணலான ஒரு துளை போதும். அறுத்த பலகை சிறிது மிகுந்திருந்தால் இழைத்துச் சரிசெய்யலாம்; இடம் தவறிய துளையை இல்லாததாக்க இயலாது. ஆதலின், துளையிடும் கைக்கருவிகள் சிலவற்றைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

இவற்றுள் எளியது தமரூசி. நுனியில் திருகுபுரியும் தலையில் குறுக்குப் பிடியும் உடைய சிறு கருவி இது. திருகாணியைச் செலுத்துமுன் இதனால் வழி செய்துகொண்டால் மரம் பிளவாது.

மிகப் பழமையானது வில்துரப்பணம். ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்து நாட்டு ரெக்மிரே கல்லறை ஓவியத்தில், தச்சர் ஒருவர் இதனைக் கொண்டு துளையிடுவதைக் காணலாம். அலகு பொருத்திய தண்டில் வில்லின் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, தலையை ஒரு குமிழால் அழுத்திக்கொண்டு, மறு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுப்பர். தண்டின் சுற்றளவு 10 சென்டிமீட்டர் என்றால், வில்லை 50 சென்டிமீட்டர் இழுக்கும்போது அலகு ஐந்து முறை சுழலும். ஆயினும் அடுத்த இழுப்பில் அது எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே இதன் அலகு இருபுறமும் சுரண்டும்படி தட்டையாக அமைந்திருக்கும். மரத்தூளைத் தானே வெளியேற்றாது. அடிக்கடி தூக்கித் தூளைத் தட்டிவிட வேண்டும்.

இக்குறையை நீக்கியது, ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டில் வழக்கிலிருந்த ‘பிரேஸ்’ என்னும் வளைபிடித் துரப்பணம். இது ஒரே திசையில் இடைவிடாது சுழல்வது. எனவே பிற்காலத்தில் இதற்கேற்ற முறுக்கு அலகுகள் தோன்றின. அலகின் நடுவிலுள்ள திருகுமுனை மரத்துள் இழுத்துச் செல்லும், ஓரக் கூர்கள் வட்டத்தைக் கீறும், உதடுகள் சீவும், முறுக்கு, சீவலை மேலே தள்ளும். கைப்பிடி அச்சிலிருந்து 5 அங்குலம் விலகியிருக்க, துளையின் ஆரம் அரை அங்குலமானால், உராய்வு நீங்கலாக, நம் கைவிசை பத்து மடங்காக விளிம்பில் செயற்படும்.

துளையிடும்போது, பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி அலகு செங்குத்தாக உள்ளதா என இரு திசைகளிலும் பாருங்கள். மறுபுறம் திருகுமுனை எட்டிப்பார்த்தவுடன் நிறுத்தி, மரத்தைத் திருப்பி அங்கிருந்து துளையுங்கள். நேரே முழுவதும் ஓட்டினால் பின்புறம் சிம்பு பெயர்ந்துவிடும். இன்றைய மின்துரப்பணத்திற்கும் இவ்விதிகளே பொருந்தும். அதன் வேகத்தில் தவறும் விரைந்து நேரும் என்பதே வேறுபாடு. முதலில் ஒரு கழிவுக் கட்டையில் பழகுங்கள்.