கன்னத்தில் ஒட்டிய மைக்

நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) ஒலிபெருக்கியை நம்பாமல் குரலாலேயே கொட்டகையை நிறைத்தவர். செங்கோட்டை இருக்கும் அதே தென்காசி வட்டாரத்தில், சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊர்களில் இன்று நாடகம் போட்டால் முதல் பேச்சே மைக் செட்டைப் பற்றித்தான்.

நின்று பேச ஸ்டாண்டு மைக் போதும். ஆடிப் பாடுகிறவருக்கு ஹெட்செட் மைக்தான் தோது. அதற்கு முதல் எதிரி வியர்வை.

மைக்கின் முனை வாய்க்கு நேரே இருந்தால் 'ப', 'பு' எல்லாம் வெடிக்கும்; உதட்டோரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருக்கட்டும். அரிதாரம் பூசி முடித்த பிறகு மாட்டி, ஒட்டும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மருத்துவ டேப் போட வேண்டும். பிடரியில் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி ஒட்டாவிட்டால், தலையைத் திருப்பும்போது இழுக்கும். வியர்வை புகாமல் இருக்க, இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டருக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை நல்லது.

இருவர் நெருங்கி நின்று பேசும்போது ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் ஏறிக் குழாய்க்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். ஆபரேட்டர் ஒன்றைக் குறைத்தால் சரியாகிவிடும்.

நாடகம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, மைக்கின் தண்டை ஈரத்துணியால் துடைத்து, ஸ்பாஞ்சு உறையைக் கழுவி உலர்த்த வேண்டும். ஒயரை மடிக்காமல் வளையமாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்கலாம். குற்றாலச் சாரல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுவது அவசியம்.