நிற்கும் கார் ஏன் தடதடக்கிறது?

நிற்கும் பந்தயக் காரின் உறுமலைக் கேட்டிருக்கிறீர்களா? சீராக ஒலிக்காமல் விட்டுவிட்டுத் தடதடக்கும். பழுதா? இல்லை. காரணம் அதன் கேம் ஷாஃப்ட்!

வால்வுகளைத் திறக்கும் தண்டு இது. எஞ்சின் இருமுறை சுழன்றால் இது ஒருமுறை சுழலும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறக்க வேண்டும். அதற்குள் சிலிண்டர் நிரம்ப வேண்டுமே! எனவே பந்தயக் கேம் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கிறது. புகை வெளியேறும் வால்வு மூடுமுன்பே கலவை நுழையும் வால்வு திறந்துவிடுகிறது. வேகத்தில் இது நன்மை. விரைந்தோடும் புகை புதிய கலவையை இழுத்து வரும். மெதுவாக ஓடும்போதோ புகை பின்வாங்கிக் கலவையைக் கெடுக்கிறது.

கார்ப்யூரேட்டர் எஞ்சினில் இதைச் சீராக்குவது எப்படி? முதலில் எஞ்சினை நன்கு சூடாக்குவார்கள். கலவைக் குழாயுடன் வெற்றிடமானியை இணைப்பார்கள். சாதாரண எஞ்சினில் அது 18 முதல் 20 அங்குலப் பாதரசம் காட்டும். இங்கோ 10, 12தான் வரலாம். பொறி விழும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளுவார்கள். 700, 800 ஆக இருந்த சுற்றை 900, 1000 ஆக உயர்த்துவார்கள். பிறகு கலவைத் திருகை மெல்லத் திருப்பி, மானியின் முள் மிக உயரும் இடத்தில் நிறுத்துவார்கள்.

ஏன் இத்தனை கவனம்? பல கார்களில் பிரேக்குக்குத் துணைபுரிவதும் இதே வெற்றிடம்தான். அது குறைந்தால் பிரேக் மிதி கல்லாக இறுகும்! ஆகவே சாலைக்குப் போகுமுன் பிரேக்கைச் சோதித்தாக வேண்டும்.

1989இல் ஹோண்டா நிறுவனம் ஒரே தண்டில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு கேமும் வேகத்துக்கு வேறொன்றும் அமைத்து, இரண்டு நன்மைகளையும் பெற்றது.

960 சுற்றில் ஒரு வால்வு விநாடிக்கு எத்தனை முறை திறக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்!