விமான நிலையத்துக்கு ஒரு தெருமூடிமடம்

பருத்தித்துறைக்குச் சென்றவர்கள் அங்குள்ள தெருமூடிமடத்தைக் கண்டிருப்பார்கள். தெருவுக்கு அருகிலன்று, தெருவின் மேலேயே கூரை அமைத்து, இருமருங்கிலும் கற்றூண்களும் திண்ணைகளும் வைத்துக் கட்டப்பட்ட மடம் அது. அவ்வழியாற் செல்பவன் செல்வனாயினும் வறியவனாயினும் அந்த நிழலுக்குள் ஒரு முறை புகுந்தே வெளிவருதல் வேண்டும். மடத்துக்குக் கதவில்லை, கதவில்லாதபடியால் காவலனும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளிலே மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் அமைத்த நம் முன்னோர், வழிச்செல்வோர்க்கும் அவர்தம் மாடுகளுக்கும் எது தேவையென்று ஆராய்ந்தே அவற்றை அமைத்தனர். தண்ணீருக்கும் நிழலுக்கும் அவர்கள் விலை கூறவில்லை.

இக்காலத்து வழிப்போக்கர் விமான நிலையங்களிற் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டிய நிழல் எது? இருக்கையும் தண்ணீரும் வேண்டுமென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் ‘வைஃபை’ என நாம் வழங்கும் கம்பியில்லா இணையத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டுமா, கொடுப்பதாயின் பணம் செலுத்தி ஓய்வுக்கூடங்களில் அமர்வோர்க்கு மட்டும் கொடுத்தாற் போதுமா என்னும் வினாக்கள் எழும்போது அபிப்பிராயங்கள் பலவாகின்றன. அவற்றை இங்கு சிறிது ஆராய்வோம்.

இணையம் வெறும் பொழுதுபோக்கன்றோ, அதனை இலவசமாகக் கொடுப்பானேன் என்று சிலர் கேட்கலாம். பிள்ளையைப் பார்ப்பதற்காகக் கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்குப் புறப்படும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். இடைவழியில் வேறொரு நாட்டில் அவர் விமானம் மாறவேண்டும். முதல் விமானம் தாமதித்தமையால் அடுத்த விமானம் தவறிவிடுகிறது. விமானம் தாமதித்த செய்தியை ரொறன்ரோவிலுள்ள மகன் தன் கைத்தொலைபேசியிற் பார்த்து அறிவான். ஆயினும் தாய் எங்கே இருக்கிறார், அடுத்து எந்த விமானத்தில் ஏற்றப்படுவார் என்பவற்றை அவன் அறியான். தாயிடமும் கைத்தொலைபேசி உண்டு. ஆனால் அதிலுள்ள இலங்கைச் சிம் அட்டைக்கு அந்நாட்டில் உயிரில்லை. அவருக்கு அவ்வேளையில் வேண்டியது திரைப்படமன்று; “நான் சுகமாக இருக்கிறேன், நாளைக் காலை வருவேன்” என்னும் ஒரு வரிச் செய்தியை அனுப்ப ஒரு வழியே. பயணச்சீட்டும், விமானம் ஏறும் அனுமதிச்சீட்டும், உறவினரின் முகவரியும் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்ட இந்நாளில், இணையம் கிடையாத பிரயாணி வாய்பேச முடியாதவரைப்போல் ஆகிவிடுகிறார்.

விமான நிலையங்களில் ‘லவுஞ்ச்’ எனப்படும் ஓய்வுக்கூடங்கள் இருப்பதை வாசகர்கள் அறிவர். 1939ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் முக்கிய விருந்தினர்க்கெனத் திறந்த கூடமே இவற்றுக்கு முன்னோடி என்பர். உயர்தர வகுப்பிற் செல்வோர், அடிக்கடி பறப்போர், சந்தாவோ நுழைவுக்கட்டணமோ செலுத்துவோர் ஆகியோர்க்கு இக்கூடங்களின் கதவு திறக்கும். மெத்தை நாற்காலியும் தேநீரும் சிற்றுண்டியும் போல, கம்பியில்லா இணையமும் அங்கு கிடைக்கும் வசதிகளுள் ஒன்றாயிற்று.

இவ்வசதியை இலவசமாகக் கொடுப்பது குற்றமா என்னும் வழக்கே ஒரு முறை எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்திலுள்ள லோகன் விமான நிலையத்தில், கொன்டினென்டல் விமான நிறுவனம் தன் ஓய்வுக்கூடத்தில் சொந்த அலைபரப்பி ஒன்றை நிறுவி, அங்கு வருவோர்க்கு இணையத்தை இலவசமாக வழங்கியது. விமான நிலையத்தை நிருவகிக்கும் மசசூசெற்ஸ் துறைமுக அதிகாரசபையோ, நாளொன்றுக்கு 7.95 டொலர் அறவிட்டு இணையம் வழங்கும் ஏற்பாட்டைத் தனியாக வைத்திருந்தது. கொன்டினென்டலின் அலைபரப்பியை அகற்றுமாறு அதிகாரசபை பணித்தது. பலரும் தத்தம் விருப்பப்படி அலைபரப்பிகளை வைத்தால் பொலிசாரும் பாதுகாப்பு அதிகாரிகளும் பயன்படுத்தும் தொடர்புகளுக்கு இடையூறு நேருமென்பது அதன் வாதங்களுள் ஒன்று. விமான நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் முறையிட்டது.

2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் திகதி ஆணைக்குழு விமான நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வாடகைக்கு இருப்போர் தம் பாவனைக்குரிய இடத்துக்குள் சிறு அலைவாங்கிகளை வைப்பதை இடத்துக்கு உரிமையாளர் தடுத்தலாகாது என்னும் விதி அங்கு ஏற்கெனவே இருந்தது. செய்மதித் தொலைக்காட்சித் தட்டுகளை மனத்திற்கொண்டு 1996இல் இயற்றப்பட்ட அவ்விதி, பின்னர் கம்பியில்லா இணையத்துக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. அதுவே லோகன் வழக்குக்கும் பொருந்துமென ஆணைக்குழு கண்டது. பாதுகாப்பைப் பற்றிய வாதத்தை அது ஏற்கவில்லை.

இத்தீர்ப்பின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. வைஃபை இயங்கும் அலைவரிசைகள் எவருடைய தனிச் சொத்துமல்ல. அனுமதிப்பத்திரமின்றி எவரும் பயன்படுத்தலாமென 1985ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் திறந்துவிடப்பட்ட அலைவரிசைகளுள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வரிசையும் ஒன்று. ஆயினும் அதிகாரசபையின் அச்சத்தில் ஒரு சிறு நியாயமும் உண்டு. அவ்வரிசையில் ஒன்றோடொன்று மோதாது இயங்கத்தக்க தடங்கள் மூன்றே. ஒரே கூரையின்கீழ்ப் பல அலைபரப்பிகள் நெருங்கி இயங்கினால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கூச்சலாகும். 5 கிகாஹேர்ட்ஸ், 6 கிகாஹேர்ட்ஸ் வரிசைகளும் பயன்பாட்டுக்கு வந்தபின் அந்நெருக்கடி பெரிதும் தளர்ந்துள்ளது.

கொன்டினென்டல் என்ற பெயர் இன்று வானில் இல்லை. 2010இல் அது யுனைட்டட் நிறுவனத்தோடு ஒன்றாயிற்று. ஆனால் அவ்வழக்கு விட்டுச்சென்ற வினா இன்னும் நிற்கிறது. தீர்ப்பு வந்த நாளில் வென்றவர் யார்? ஓய்வுக்கூடத்துக்குள் இருந்தவர். சுவருக்கு வெளியே, பொதுக்கூடத்து நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக் காத்திருந்தவர் பழையபடியே பணம் செலுத்தவேண்டியிருந்தது. இணையத்தை விலைகொடுத்து வாங்க வல்லவர்க்கு இலவசம். வாங்க இயலாதவர்க்கு விலை! இம்முறையை நியாயமென்று நாம் எவ்வாறு கொள்வது?

செலவை யார் தாங்குவது என்பது மறுதரப்பின் தலையாய கேள்வி. அக்கேள்வி தகுந்ததே. கருவிகளுக்கும் இணைப்புக்கும் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். இலவசமென்று நாம் சொல்வதெல்லாம் பிறிதொருவர் செலவு செய்ததேயாகும். ஆனால் விமான நிலையத்தின் விளக்குக்கும் குளிரூட்டிக்கும் கழிப்பறைத் துப்புரவுக்கும் தனித்தனிக் கட்டணம் அறவிடுவார் உண்டோ? பயணச்சீட்டின் விலையோடு விமான நிலையத்துக்குரிய கட்டணங்களையும் பிரயாணி முன்னரே செலுத்திவிடுகிறார். வேறு வழியும் உண்டு. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் 2007ஆம் ஆண்டின் இறுதியிலே கட்டணத்தை நீக்கி, விளம்பரங்களால் வரும் பணத்தைக் கொண்டு இணையத்தை யாவர்க்கும் வழங்கத் தொடங்கியது. லோகன் விமான நிலையமும் பின்னர் பொதுக்கூடங்களில் இணையத்தை இலவசமாக்கியது. வழக்காடிக் காக்க முயன்ற கட்டணம் இவ்வாறு தானாகவே மறைந்தது.

எனினும், இலவசம் என்று பலகை எழுதி வைத்தவுடன் காரியம் முடிந்துவிடாது. இந்திய விமான நிலையங்களில் இணையத்துள் நுழைவதற்குக் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் இரகசிய எண்ணைப் பதிய வேண்டுமென்பது வழக்கம். தவறு செய்வோரைக் கண்டறிவதற்கென ஏற்பட்ட ஒழுங்கு அது. அதன் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் சிம் அட்டை இயங்காத வெளிநாட்டவருக்கு அக்குறுஞ்செய்தி எங்ஙனம் வரும்? வேறு வழி செய்யப்படாவிடின், இணையம் யாருக்கு மிக வேண்டுமோ அவருக்கே கதவு அடைபடும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், குறுஞ்செய்தி பெற இயலாதோர் கடவுச்சீட்டைக் காட்டி இணைப்பைப் பெறுவதற்கு வழி செய்யப்பட்டமை பின்பற்றத்தக்கது. ஆளை அறிந்துகொள்ளவும் வேண்டும். அவரை வெளியே நிறுத்திவிடவும் கூடாது.

பயன்படுத்துவோர்க்கும் ஒரு கடமை உண்டு. பொதுக்கேணியில் நீர் அள்ளுபவர் நீரைப் பார்த்தே அருந்துவார். அவ்வாறே, விமான நிலையத்தின் பெயரைப் போன்ற பெயரோடு வஞ்சகர் தம் அலைபரப்பியை வைத்திருத்தல் கூடுமாதலால், சரியான பெயர் எதுவென்று அங்குள்ள அறிவிப்புப் பலகையிற் பார்த்தோ ஊழியரிடம் கேட்டோ அறிந்த பின்னரே இணைதல் வேண்டும். வங்கிக் கணக்கு அலுவல்களை வீடு சேர்ந்தபின் வைத்துக்கொள்ளல் நன்று. முதன்முறை தனித்துப் பறக்கும் பெற்றோருக்கு இவற்றைப் புறப்படுமுன் இருந்து பழக்கிவிடுதல் வீட்டிலுள்ள மாணவர்களின் பணியாகட்டும். அரை மணி நேரத்துப் பயிற்சி ஓர் இரவின் கலக்கத்தைத் தவிர்க்கும்.

ஆகவே நம் கருத்து இதுவே. ஓய்வுக்கூடங்கள் கம்பியில்லா இணையத்தை இலவசமாக வழங்கட்டும். அதைத் தடுக்க எவருக்கும் நியாயமில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிடலாகாது. தேநீரும் மெத்தை நாற்காலியும் பணம் செலுத்தியோர்க்கே உரியனவாக இருக்கட்டும். அதைக் குறித்து நமக்கு வழக்கில்லை. வீட்டாருக்கு ஒரு சொல் அனுப்பும் வசதி அத்தகையதன்று. அது வழிப்போக்கர் அனைவர்க்கும் உரிய தண்ணீரையும் நிழலையும் போன்றது. தெருமூடிமடத்தைக் கட்டியவர்கள் திண்ணையில் இருப்பவருக்கு மட்டும் கூரை போடவில்லை. தெரு முழுவதற்குமே போட்டார்கள்.